எந்தக் கணக்கு, எந்த கார்டு: பாயிண்ட்டைப் பார்த்து எடுத்தால் போதுமா?

கேள்வி, ஜனவரி 6

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சம்பளக் கணக்கை அலுவலகமே திறந்து கொடுத்துவிட்டது. அதே வங்கியிலிருந்து கிரெடிட் கார்டு தருகிறோம் என்று தினமும் போன். என்னைப் பொறுத்தவரை எல்லா கார்டும் ஒன்றுதான், எதில் செலவுக்கு ஈடாகக் கிடைக்கும் பாயிண்ட் அதிகமோ அதை எடுத்தால் சரி. சேமிப்புக் கணக்கும் அப்படித்தான், எங்கே வட்டி அதிகமோ அங்கே. இதில் தப்பு ஏதும் இருக்கிறதா?

ஜனவரி 6, இரவு

இருக்கிறது, இரண்டிலுமே. பாயிண்ட்டையும் வட்டியையும் கடைசியில் பாருங்கள். முதலில் இந்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் இருப்பு எந்தத் தேதியில் அடிமட்டத்துக்குப் போகிறது, அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சம்பளத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களாக இருக்கும். அந்தத் தொகை தெரியாமல் கணக்கும் தேர்ந்தெடுக்க முடியாது, கார்டும் தேர்ந்தெடுக்க முடியாது.

கணக்கு விஷயம் எளிது. ஒரு வங்கி இன்னொன்றைவிட 1 சதவீதம் அதிக வட்டி தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் சராசரி இருப்பு 50,000 என்றால் ஒரு வருடத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 500. அந்த வங்கி மினிமம் பேலன்ஸ் கேட்டு, நீங்கள் வருடத்தில் இரண்டு முறை அதற்குக் கீழே இறங்கினால், அபராதமே அந்த 500-ஐத் தின்றுவிடலாம். அதனால் மினிமம் பேலன்ஸ் என்ன, அதை நாள்கணக்கில் பார்க்கிறார்களா மாத சராசரியாகப் பார்க்கிறார்களா, ஏடிஎம்மில் எத்தனை முறை இலவசம், குறுஞ்செய்திக்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். வட்டி விகிதத்தை அதற்குப் பிறகு கேட்கலாம். கார்டைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை

கார்டில் உண்மையான லாபம் பாயிண்ட் இல்லை, நாட்கள். உதாரணமாக உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட், அதாவது பில், ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி போடப்படுகிறது, டியூ தேதி, அதாவது பணம் கட்டக் கடைசி நாள், 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11-ஆம் தேதி வாங்கியது அடுத்த மாதம் 10-ஆம் தேதி பில்லில்தான் ஏறும், அதற்கு 28 வரை நேரம் இருக்கிறது. கிட்டத்தட்ட 48 நாள் வட்டியில்லாக் கடன். அதையே 9-ஆம் தேதி வாங்கினால் 19 நாள்தான். பெரிய செலவு ஏதாவது இருந்து இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமென்றால், ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வாங்குங்கள்.

ஜனவரி 7, மதியம்

காலையில் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், அதை விட்டுவிட்டால் மேலே உள்ளது அரைகுறைத் தகவல். அந்த 48 நாள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. போன பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான் கிடைக்கும். பாக்கி வைத்திருந்தால், பொதுவாகப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதேபோல் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும் இந்த நாட்கள் கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். கிரெடிட் கார்டுக்கு ஏடிஎம் பின் போட்டு வைத்திருப்பவர்கள், அவசரத்துக்கு உதவும் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். அந்த அவசரத்துக்கு நண்பரிடம் கேட்பது எவ்வளவோ மேல்.

ஜனவரி 9

"பாக்கி வைத்தால் பாக்கிக்குத்தானே வட்டி, அதில் என்ன பெரிய விஷயம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் முதல் கார்டு வந்தபோது தேதி மறந்துவிடுமோ என்று பயந்து, பில் பணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட் போட்டேன். படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது, முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை. இரண்டாவது கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். மாதாமாதம் "உங்கள் பணம் வந்து சேர்ந்தது, நன்றி" என்று குறுஞ்செய்தி வந்தது. நன்றி சொல்கிறார்களே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஸ்டேட்மென்ட்டைத் திறக்கவே இல்லை. சம்பளக் கணக்கில் வழக்கத்தைவிட அதிகப் பணம் மிஞ்சியது, சிக்கனமாக இருக்கிறோம் என்று சந்தோஷம் வேறு. ஐந்தாவது மாதம் ஒரு மருந்துச் செலவுக்கு கார்டைக் கொடுத்தபோது லிமிட், அதாவது கார்டில் செலவு செய்யக்கூடிய உச்சத் தொகை, தீர்ந்துவிட்டது என்று வந்தது. அன்று இரவு ஐந்து ஸ்டேட்மென்ட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வட்டி, வட்டிக்கு வரி, முந்தைய மாத வட்டி அசலில் சேர்ந்து அதற்கு வட்டி.

கையில் மிஞ்சியிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஸ்டேட்மென்ட்டில் இருந்த மொத்தத்தையும் கட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் எதுவுமே வாங்காமல் மறுபடியும் ஒரு சின்னத் தொகை வட்டியாக வந்தது. வாடிக்கையாளர் சேவையில் சண்டைகூடப் போட்டேன். அவர்கள் சொன்னது சரிதான்: ஸ்டேட்மென்ட் போட்ட தேதிக்கும் நான் பணம் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. அடுத்த ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அதற்கும் தாமதக் கட்டணம் வந்திருக்கும்.

கோபம் அந்த டிக் அடித்த கட்டத்தின் மேல் இன்னும் இருக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையது. ஆட்டோ டெபிட் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் போடுங்கள். முழுத் தொகைக்குப் போட்டீர்களா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

கேட்டவருக்கு நேரடியான பதில் சொல்ல மறந்துவிட்டேன். பல கார்டுகளில் பாக்கிக்கு மட்டும் வட்டி இல்லை. பில் 40,000, நீங்கள் 39,500 கட்டினீர்கள், 500 விட்டுப்போனது. அந்த 40,000-க்கும், வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை வட்டி போடும் விதி நிறைய கார்டுகளில் இருக்கிறது. மாதம் 3 சதவீதம், 40 நாள் என்றால் ஏறக்குறைய 1,580 வரும். 500-ஐ மறந்ததற்கு. உங்கள் கார்டு எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை விண்ணப்பத்தோடு வரும் கட்டண விவரத்தில் பாருங்கள், ஓர் உதாரணக் கணக்கோடு போட்டிருப்பார்கள். எல்லோரும் தாண்டிப்போகும் பக்கம் அதுதான்.

ஜனவரி 10

மாதம் 3 என்றால் வருடம் 36 இல்லை. வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால் 42.6 வரும். கூட்டிப் பார்த்துவிட்டு 36 என்று எழுதியவருக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. ஒரு லட்சம் பாக்கி. அதற்கு மேல் கார்டைத் தொடவே இல்லை. மாதம் 3 சதவீத வட்டி, மாதாமாதம் மினிமம் டியூவாக, அதாவது அந்தக் குறைந்தபட்சத் தொகையாக, பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிவருகிறீர்கள். பாக்கி பாதியாகக் குறைய 32 மாதம் ஆகிறது. அந்த 32 மாதத்தில் நீங்கள் கட்டிய மொத்தம் சுமார் 1,20,000. வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டிவிட்டு, இன்னும் ஐம்பதாயிரம் கட்ட வேண்டியிருக்கிறது. வரியும் கட்டணமும் இதில் சேரவில்லை.

மினிமம் டியூ என்ற சொல்லைக் கேட்டால் கட்ட வேண்டியது அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. தாமதக் கட்டணம் வராமல் இருக்க வேண்டுமானால் அது உதவும். வட்டியை அது தடுக்காது.

ஜனவரி 14

"இவ்வளவு ஆபத்து என்றால் கார்டே வேண்டாம், டெபிட் கார்டு போதும்" என்று எழுதியிருப்பவருக்கு. பாதி சம்மதம்.

கையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்கும்போது இருக்கும் தயக்கம் கார்டில் வராது என்பது உண்மை. 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். பாதிப் பேருக்குப் பணமாகக் கட்ட வேண்டும் என்றும், பாதிப் பேருக்கு கார்டில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு லட்சம் செலவுக்கு ஆயிரம் பாயிண்ட்டாகத் திரும்பி வருகிறது என்று மகிழ்கிறோம். அந்த ஒரு லட்சத்தில் பத்தாயிரம் கார்டு இல்லாமல் இருந்தால் செலவே ஆகியிருக்காது என்றால்?

சம்மதிக்காத பாதி: டெபிட் கார்டில் மோசடி நடந்தால் போவது உங்கள் பணம். அது திரும்பி வரும்வரை வாடகை கட்ட முடியாமல் நிற்பது நீங்கள். கிரெடிட் கார்டில் அது பில்லில் ஒரு வரி, அதை ஏற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணை முடியும்வரை உங்கள் சம்பளம் உங்களிடமே இருக்கும். ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள் அல்லவா, டெபிட் கார்டு கொடுத்தால் அந்தத் தொகை சில நாள் உங்கள் கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரி. இந்தக் காரணங்களுக்காக நான் இன்றும் கார்டு வைத்திருக்கிறேன், பாயிண்ட்டுக்காக இல்லை.

ஜனவரி 14, இரவு

இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. 1950-இல் வந்த டைனர்ஸ் கிளப் கார்டில் பாக்கி வைக்கும் வழியே கிடையாது, மாதக் கடைசியில் முழுசாகக் கட்ட வேண்டும். பாக்கியைச் சுமந்துகொண்டே போகலாம் என்பது 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா வங்கியின் பேங்க்அமெரிகார்டு வந்த பிறகு பெரிதாகப் பரவியது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊரில் கேட்காமலேயே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பினார்கள். கேட்காதவர்களுக்கு கார்டு அனுப்புவதை அமெரிக்கா 1970-இல் தடை செய்தது. அந்த கார்டுக்குத்தான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. உங்களுக்குத் தினமும் வரும் போனுக்கும் அந்தத் தபாலுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கார்டை 1950-இல் இருந்தது போலவே பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

ஜனவரி 19

ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு, இல்லாத கார்டு. இதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். கட்டணம் 1,000. அந்த கார்டில் 1 சதவீதம் திரும்ப வரும், இலவச கார்டில் அரை சதவீதம். வித்தியாசம் அரை சதவீதம். அதாவது வருடம் இரண்டு லட்சம் செலவு செய்தால்தான் கட்டணத்துக்குச் சரியாகும், லாபம் அதற்கு மேல்தான். அதையும் எந்தச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது என்ற பட்டியலைப் பார்த்த பிறகு போடுங்கள். வாடகை, எரிபொருள், காப்பீடு என்று உங்கள் பெரிய செலவுகளாகப் பார்த்து விலக்கி வைத்திருப்பார்கள். விமான நிலைய ஓய்வறை இலவசம் என்பதற்காக கார்டு எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர், அவர்களில் இருவர் வருடத்தில் ஒரு முறைகூட விமானம் ஏறுவதில்லை.

ஜனவரி 20

வெளிநாட்டுச் செலவு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அந்நியப் பணத்தில் செலவு செய்தால் பெரும்பாலான கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், 1 சதவீதப் பாயிண்ட் அங்கேயே போய்விட்டது. அப்புறம், கடையில் மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். மெஷின் காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

ஜனவரி 26

இரண்டு வருடம் முன்பு ஒரு நண்பரிடம், பயன்படுத்தாத கார்டை எல்லாம் மூடிவிடு என்று அழுத்தமாகச் சொன்னேன். இப்போது யோசித்தால் அது முழுவதும் சரியில்லை என்று தோன்றுகிறது. கிரெடிட் ஸ்கோர், அதாவது கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் மதிப்பெண், போடும்போது எத்தனை வருடமாகக் கடன் வைத்துக் கட்டிவருகிறீர்கள் என்பதும், மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதும் சேரும். அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோரை எடுத்தால் நேரத்துக்குக் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி என்பதற்கு 30, எத்தனை வருட வரலாறு என்பதற்கு 15. மற்ற ஸ்கோர்களில் அளவு மாறும், போக்கு இதேதான். அவர் மூடியது அவருடைய மிகப் பழைய கார்டு, லிமிட்டும் அதில்தான் அதிகம். கொஞ்ச நாளில் வீட்டுக் கடனுக்குப் போனபோது ஸ்கோர் இறங்கியிருந்தது. என் பேச்சைக் கேட்டதால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு உறுத்துகிறது.

இப்போது கேட்டால் நான் சொல்வது: கட்டணம் இல்லாத பழைய கார்டை வைத்துக்கொள்ளுங்கள், சில மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது சின்னதாக வாங்கி முழுசாகக் கட்டுங்கள். கட்டணம் வாங்கும் கார்டை மூடுங்கள். மூடும்போது பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள்.

பிப்ரவரி 3

மறுபடியும் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் நாள் எழுதியதை அவசரமாக முடித்துவிட்டேன். ஒரே கணக்கு போதும் என்ற தொனி அதில் வந்துவிட்டது. போதாது. சம்பளம் ஒரு கணக்கில் விழட்டும். அன்றே வாடகை, கார்டு பில், சேமிப்பு எல்லாவற்றுக்கும் உரியதை அங்கேயே நிறுத்திவிட்டு, மாதச் செலவுக்கானதை மட்டும் இன்னொரு வங்கியில் இருக்கும் கணக்குக்கு மாற்றுங்கள். போனிலும் கடையிலும் பணம் கட்டும் வேலை எல்லாம் அந்த இரண்டாவது கணக்கிலிருந்து. அதன் டெபிட் கார்டு யார் கையில் சிக்கினாலும் போவது அந்த மாதச் செலவுப் பணம் மட்டும். ஒரு வங்கியின் செயலி ஒரு நாள் முழுக்க முடங்கினாலும் (எனக்கு நடந்திருக்கிறது, அதுவும் டியூ தேதியன்று) இன்னொன்று இருக்கும்.

கார்டு பில் போகும் ஆட்டோ டெபிட்டை முதல் கணக்கில் வையுங்கள். இதைத்தான் பலர் மாற்றிப் போடுகிறார்கள், செலவுக் கணக்கு காலியான நாளில் பில்லுக்குப் பணம் போகாமல் திரும்பிவிடும்.

வேறு வங்கி என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் வைப்புக் காப்பீடு. வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் இவ்வளவு வரை காப்பீடு தரும் என்று ஓர் எல்லை உண்டு. இந்தியாவில் 2020 முதல் 5 லட்சம் ரூபாய், அமெரிக்காவில் 2,50,000 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1,00,000 யூரோ. அதே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள், கிளைகளைச் சேர்த்து ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். இப்போது உங்களுக்கு இது தேவைப்படாது. பெற்றோரின் ஓய்வுக்காலப் பணம் முழுக்க ஒரே இடத்தில் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பிப்ரவரி 4

"வேறு வங்கியிலிருந்து கார்டு பில் கட்டும்போது எண் தப்பாகிவிட்டால்?" நல்ல கேள்வி. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் கண்டுபிடித்த முறை, 1960-இல் காப்புரிமை கிடைத்தது. ஓர் இலக்கம் மாறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ (09-ம் 90-ம் தவிர) எண் செல்லாது என்று உடனே காட்டிவிடும். ஆனால் வங்கிக் கணக்கு எண்ணில் எல்லா இடத்திலும் இப்படி ஒரு காவல் இருக்கும் என்று நம்பாதீர்கள். புதிய கணக்குக்கு முதல் முறை அனுப்பும்போது மிகச் சிறிய தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்ட பிறகு மீதியை அனுப்புகிறேன். என் அக்கா இதைப் பார்த்துவிட்டு நேரவிரயம் என்பார், இருக்கட்டும்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து தன் கணக்கைச் சொல்லியிருக்கிறார், ரொம்ப சந்தோஷம். மூன்று மாதமும் சம்பளத்துக்கு முந்தைய நாள் இருப்பு நூற்றுக்கணக்கில்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் இப்போதைக்கு நீங்கள் எடுக்க வேண்டியது மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்கு. போனில் கூப்பிடுபவர் தருவதாகச் சொல்லும் பெரிய லிமிட் கார்டு உங்களுக்கு இல்லை. கையில் மிஞ்சாதவருக்கு லிமிட் என்பது கூடுதல் சம்பளம் மாதிரித் தெரியும், அந்த மயக்கம் எனக்கும் இருந்தது. ஒரு சிறிய தொகையை நிரந்தர வைப்பில் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்குங்கள். கடன் வரலாறு இல்லாதவருக்கும் தருவார்கள், லிமிட் அந்த வைப்பை ஒட்டியே இருக்கும், வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். மாதாமாதம் எப்படியும் வரும் ஒரே ஒரு பில்லை, போன் பில்லோ இணையக் கட்டணமோ, அந்த கார்டில் போட்டு ஆறு மாதம் முழுசாகக் கட்டிவாருங்கள்.

தம்பிக்கும் சேர்த்து ஒரு துணை கார்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் செலவு செய்தாலும் கட்ட வேண்டியது நீங்கள்தான், பில்லும் ஸ்கோரும் உங்கள் பேரில். என் தம்பிக்கு நான் வாங்கிக் கொடுத்து, அவன் தவறாக ஒன்றும் செய்யாமலேயே, ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் "எதற்கு வாங்கினாய்" என்று நான் கேட்க ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. மாதம் ஒரு தொகையை அவர் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்.

மார்ச் 2

கார்டு கைக்கு வந்துவிட்டது என்று படித்தேன். இரண்டு விஷயம். டியூ தேதி சம்பளத்துக்கு ஐந்து நாள் முன்பு வருகிறது என்றால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பில் போடும் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல வங்கிகள் செய்து தருகின்றன. சம்பளம் வந்து மூன்று நான்கு நாள் கழித்து டியூ தேதி வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும்.

இரண்டாவது, செயலியில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதையும் அணைத்து வையுங்கள். அப்படியே ஆட்டோ டெபிட் பக்கத்தைத் திறந்து, எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

மார்ச் 2, இரவு

"குறைந்தபட்சத் தொகை"யில் இருந்ததா? நினைத்தேன். மாற்றியதற்கு ஒப்புகைக் குறுஞ்செய்தி வரும், அதை அழிக்காதீர்கள். இந்த மாத பில்லுக்கு அது நடைமுறைக்கு வராமல் போகலாம், அதனால் முதல் பில்லை மட்டும் டியூ தேதிக்கு மூன்று நாள் முன்பே நீங்களே கட்டிவிடுங்கள்.